வைரக்கண்ணு சொன்ன பதில்

"என் ஒடம்பைப் பத்தி என்கிட்ட கேக்காம, இவர்கிட்ட ஏம்மா கேக்குற?"

நாம்சேங்கற மலையூர்ல, மூணாம் நாள் காலைல, லாக்பாகிட்ட நான் கேட்ட முதல் கேள்வி இதுதான். கேள்விகூட இல்ல, சண்டை.

லாக்பா எங்க வழிகாட்டி. ஷெர்பா பொண்ணு. வயசு முப்பதுகூட ஆகல, என்னைவிட இருபது வயசு சின்னவ. புதன்கிழமை பொறந்ததால அந்தப் பேராம். திருப்பூர்ல பனியன் கம்பெனியில ஆறு வருஷம் தச்சுட்டு ஊருக்குத் திரும்புனவ. அதனால இமயமலைல நின்னுக்கிட்டு கொங்குத் தமிழ் பேசுவா. விமானத்தை விட்டு எறங்குனதும் "வாங்க்கா, வாங்கண்ணா, குளிருதுங்களா?"ன்னு கேட்டா பாருங்க, எனக்குப் பாதி பயம் அங்கயே போயிடுச்சு.

நான் மங்கையர்க்கரசி. பட்டுக்கோட்டை தாலுகா ஆபீஸ்ல டைப்பிஸ்ட். வைரக்கண்ணு என் வீட்டுக்காரர். அரசு பஸ் டிரைவர்.

எவரெஸ்ட் பேஸ் கேம்ப் வரைக்கும் நடந்து போறதுன்னு வந்திருந்தோம். ஆசை என்னோடது. ஆபீஸ்ல என் மேசைக்கு எதிர்ச் சுவத்துல பதினெட்டு வருஷமா ஒரு பழைய காலண்டர் தொங்குது. தேதியெல்லாம் கிழிஞ்சு போச்சு, பனிமலைப் படம் மட்டும் மிச்சம். அந்த மலையோட காலடியில போய் ஒரு தரம் நிக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு.

மூட்டு டாக்டர், "போறதுன்னா இந்த வருஷமே போயிட்டு வந்துடுங்கம்மா"ன்னு சொல்லிட்டார். அடுத்த தரம்னு ஒண்ணு எனக்குக் கிடையாது.

இவரு துணைக்கு வந்தார். "தனியா எப்படி விடுறது"ன்னார். அதுக்கு மேல ஒரு வார்த்தை கிடையாது. எப்பவும் அப்படித்தான்.

லாக்பாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. தினம் காலைல, கிளம்பறதுக்கு முன்னாடி, டீ மேசையில ஒருத்தரைப் பத்தி இன்னொருத்தரைக் கேப்பா. அண்ணன் எப்படி இருக்காருன்னு என்னை. அக்கா எப்படி இருக்காங்கன்னு இவரை. பதில்ல ஏதாவது கோளாறு தெரிஞ்சா அன்னிக்கு மேல போக விடமாட்டா. ரொம்பக் கோளாறா இருந்தா திருப்பிக் கீழே எறக்கிடுவா.

நான் சும்மா அடுக்குவேன். "ராத்திரி ரெண்டு தரம் இருமினார். ரொட்டியில ஓரத்தைத் தின்னுட்டு நடுவை வெச்சுட்டார். இடது கால் சுண்டுவிரல்ல கொப்புளம். தண்ணி பத்தாது, இன்னும் குடிக்கணும்."

லாக்பா தலையாட்டிட்டு இவரு பக்கம் திரும்புவா. "அக்கா எப்படிங்கண்ணா?"

இவரு டீயை ஊதிக்கிட்டே, தலையைத் தூக்காம சொல்லுவார்.

"நல்லாருக்கா."

எனக்குப் பத்திக்கிட்டு வரும். அதான் அன்னிக்குக் கேட்டேன், என்கிட்டயே கேட்டா என்னன்னு.

லாக்பா டீயைக் கீழே வெச்சா. என் மூஞ்சியையே பாத்துட்டு, "அக்கா, உங்க மூக்கு இப்ப என்ன கலருங்க?"ன்னு கேட்டா.

"எனக்கு எப்படித் தெரியும்?"

"அண்ணா?"

"செவப்பு," இவரு. தலை டீக்குள்ளதான் இருந்துச்சு.

தொட்டுப் பாத்தேன். வெயில்ல தோல் உரிஞ்சு எரிஞ்சுது.

"இங்க வர்றவங்க எல்லாரும் மலை மேல ஆசை வெச்சுட்டு வர்றாங்கக்கா," லாக்பா சொன்னா. "உசரத்துல காத்து பத்தாம தலை வலிக்குமுங்க, வலிக்குதான்னு கேட்டா இல்லம்பாங்க. ஆறு வருஷமா நான் ஒருத்தரையும் அவங்களைப் பத்தி அவங்ககிட்டயே கேட்டதில்லீங்க."

"அதுக்கு, பாக்கத் தெரிஞ்ச மனுஷனா இருக்கணும்ல?"

லாக்பா சிரிச்சுட்டு என் பை வாரை இழுத்துக் கட்டுனா.

நடந்தோம்.

மேகம் எங்களுக்குக் கீழே கிடந்துச்சு. அதுக்கும் கீழே எங்கயோ ஆறு ஓடுற சத்தம். மூட்டையைச் சுமந்துக்கிட்டு முன்னாடி யாக்குங்கற சடைமாடு ஒண்ணு போச்சு, அது கழுத்து மணி கேக்கும், யாக் தெரியாது. வழியில மந்திரம் செதுக்குன கல்லை அடுக்கி வெச்சிருக்காங்க. அதை வலது கைப் பக்கமா விட்டுத்தான் கடக்கணுமாம். கடந்தேன். ஒவ்வொரு கல்லையும் தொட்டுக் கும்பிட்டேன். எந்தச் சாமின்னு தெரியல. கும்பிட்டா தப்பில்லையே.

"இன்னும் எவ்வளவு தூரம் லாக்பா?"

"ரெண்டு டீ தூரங்க்கா."

"மணிக்கணக்குல சொல்லேன்."

"மணி மேகத்துக்குத் தெரியாதுங்க. மெதுவா வாங்க."

மெதுவாத்தான் போனேன். ஒரு மூச்சு, ஒரு எட்டு. ஒரு மூச்சு, ஒரு எட்டு. அப்படிப் போகப் போக என் வயசு என்னை விட்டு எறங்கிப் போற மாதிரி இருந்துச்சு. மரமெல்லாம் குட்டையாயி, புதராயி, பிறகு கல்லும் புல்லும்தான். பட்டுக்கோட்டைல இந்நேரம் என்ன வெயிலோ. என் டைப்ரைட்டர் மேல உறை போட்டுட்டு வந்தேனான்னு ஒரு நினைப்பு வந்து, அதுவும் மேகத்தோட போச்சு. அவ்வளவு சந்தோஷமா நான் இருந்ததே இல்ல.

இவரு எனக்கு இருபது எட்டு முன்னாடி போய்க்கிட்டிருந்தார். ஒரு தரம்கூடத் திரும்பிப் பாக்கல.

ஆறாம் நாள் டிங்போச்சேங்கற இடத்துல தலைவலி வந்துச்சு.

சாதாரண வலி இல்ல. ரெண்டு பொட்டுக்குள்ளயும் யாரோ ஆணி வெச்சு அடிக்கிறாங்க. வயித்தைப் பெரட்டுது. பையில தைலம் இருக்கு. தேய்ச்சா உசிரு வந்துடும். ஆனா அந்த வாசம் மேசை வரைக்கும் வந்து என்னைக் காட்டிக் குடுத்துடுமே! பாட்டில் மூடியைக்கூடத் தொறக்கல. மாத்திரையைக் கழிப்பறைக்குள்ள நின்னு முழுங்குனேன். லாக்பா குடுத்த பூண்டு சூப்பை அவ அந்தப் பக்கம் போனதும் ஜன்னல் வழியா ஊத்துனேன்.

மேசையில வந்து உக்காந்தேன். பல்லைக் காட்டிச் சிரிச்சேன்.

"அக்கா எப்படிங்கண்ணா?"

இவரு டீயை ஊதுனார்.

"நல்லாருக்கா."

அப்பாடான்னு இருந்துச்சு. அதே நேரத்துல அழுகையும் வந்துச்சு. மனுஷனா இவரு? எதிர்ல ஒருத்தி செத்துக்கிட்டிருக்கேன், நல்லாருக்காவாம்!

மறுநாள் லாக்பா விரல்ல மாட்டுற ஆக்சிஜன் கிளிப்பை எனக்கு மாட்டிப் பாத்தா. புருவத்தைச் சுருக்குனா.

"கொஞ்சம் கம்மியா காட்டுதுங்களே."

"கை சில்லுன்னு இருக்கு. அதான்," இவரு சொன்னார்.

லாக்பா என் கையைத் தேய்ச்சுச் சூடாக்கி மறுபடி மாட்டுனா. ஒண்ணு ரெண்டு கூடுச்சு. அவளுக்கு முழுத் திருப்தி இல்ல.

"அக்கா எப்படிங்கண்ணா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"நல்லாருக்கா."

அன்னிக்கு நடக்கும்போது லாக்பா எனக்குப் பின்னாலயே வந்தா. நான் என் கொறையைக் கொட்டிட்டேன்.

"இருபத்துநாலு வருஷம் ஆச்சு லாக்பா கல்யாணமாயி. நான் புதுப்புடவை கட்டுனாலும் தெரியாது, மூக்குத்தி தொலைஞ்சாலும் தெரியாது. பஸ் ஓட்டி ஓட்டி நேராப் பாக்க மட்டும்தான் தெரியும் அந்த மனுஷனுக்கு. அவருகிட்டப் போய் என்னைப் பத்திக் கேக்குறியே, வேற வேலை இல்லையா உனக்கு?"

லாக்பா என் தோளைப் பிடிச்சு நிறுத்துனா.

"நில்லுங்க்கா. அசையாதீங்க."

நின்னேன். பனிமூட்டத்துல முன்னாடி இவரோட நீலச் சட்டை மட்டும் மங்கலாத் தெரிஞ்சுது. ரெண்டு எட்டு போச்சு. நின்னுடுச்சு.

"இப்ப நடங்க."

நடந்தேன். நீலச் சட்டையும் நடந்துச்சு.

"மறுபடி நில்லுங்க."

நின்னேன். அதுவும் நின்னுச்சு.

லாக்பா என்னைப் பாத்தா.

"அவருக்கும் மூச்சு வாங்குது போல," நான் சொன்னேன்.

லாக்பா வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. எதுக்குச் சிரிக்கிறான்னு எனக்குக் கோவம்.

எட்டாம் நாள் காலைலயும் "நல்லாருக்கா"தான். அன்னிக்குச் சாயங்காலம் கோரக்‌ஷேப் போய்ச் சேந்தோம். அதுதான் கடைசித் தங்கல். அதுக்கப்புறம் வீடு கிடையாது. நாளைக்குக் காலைல ஏழு மணிக்குக் கிளம்புனா மூணு மணி நேரம். என் மலையோட காலடி.

நான் சாப்பிடல. சாப்பிட்ட மாதிரி காட்டிக்கிட்டேன்.

மறுநாள் காலைல நடந்தது எது, கனவு எது, இன்னிக்கு வரைக்கும் என்னால பிரிச்சுச் சொல்ல முடியல.

ஜன்னலுக்கு வெளியே வெள்ளையா இருந்துச்சு. வலி போயிருந்துச்சு. அதான் அதிசயம், வலியே இல்ல. என் ஒடம்பு எங்கயோ பக்கத்து அறையில இருக்கற மாதிரி லேசா இருந்தேன். எங்க தாலுகா ஆபீஸ் பியூன் அந்த மரப்படியில உக்காந்து முத்திரை குத்திக்கிட்டிருந்தான். பனிக்குள்ள யாரோ நாகஸ்வரம் வாசிச்சாங்க. மல்லாரி. பெருமாள் பொறப்பாடுன்னு நினைச்சு நான் செருப்பைத் தேடுனேன். கண்ணு முன்னாடி காலண்டர்ப் படம் பெரிசாயிக்கிட்டே வந்துச்சு. இவ்வளவு பக்கத்துலயா இருந்துச்சு இது, இதுக்கா இத்தனை நாள் நடந்தோம்னு சிரிப்பு வந்துச்சு.

பிறகு மேசை. டீ. லாக்பாவோட குரல் கிணத்துக்குள்ள இருந்து வந்துச்சு.

"அக்கா எப்படிங்கண்ணா?"

பதில் வரல.

நான் நிமிந்து பாத்தேன். இவரு டீயைத் தொடவே இல்ல. என்னையே பாத்துக்கிட்டிருந்தார். கண்ணு கலங்கியிருந்துச்சு.

"முடியலம்மா," லாக்பாகிட்ட சொன்னார். "இவளுக்கு முடியல. மூணு நாளா முடியல."

"பொய்!" நான் கத்துனேன். கத்துனதா நினைப்பு. வாய் கொழறுச்சு.

லாக்பா எந்திரிச்சு வந்து, தரைப் பலகையில ஒரு கோட்டைக் காட்டுனா. கால் விரலுக்கு முன்னாடி அடுத்த குதிகாலை ஒட்டி வெச்சு அந்தக் கோட்டு மேல நடக்கச் சொன்னா. இது ஒரு பெரிய வித்தையான்னு கால் எடுத்து வெச்சேன். தரை சாய்ஞ்சுது. விழுந்தது இவரு கையில.

அப்ப லாக்பா இவரைத் திட்டுனா பாருங்க, அவ்வளவு சின்னப் பொண்ணு, அந்த மாதிரி ஒரு குரலை நான் கேட்டதில்ல.

"ஏனுங்கண்ணா, மூணு நாளும் என்கிட்ட பொய்யாங்க சொன்னீங்க? உங்க வாயை நம்பித்தானுங்க இவங்களை மேல ஏத்திக் கூட்டிட்டு வந்தேன்! நாளைக்கு அக்கா எந்திரிக்கலைன்னா, எப்படி இருக்காங்கன்னு நான் யாரைங்க கேப்பேன்?"

இவரு தலையைக் குனிஞ்சு நின்னார்.

"தப்புதாம்மா. எறக்கிடு."

பனிமூட்டத்துல ஹெலிகாப்டர் வராதாம். லாக்பா ஒரு மாத்திரையைக் குடுத்தா. ஒரு மட்டக் குதிரை வந்துச்சு. என்னை அதுல ஏத்திக் கட்டுனாங்க. குதிரை என் மலைக்கு முதுகைக் காட்டிக்கிட்டு எறங்குச்சு.

வழி பூரா நான் இவரைத் திட்டுனேன். மூணு மணி நேரம்! மூணு மணி நேரத்துல இருந்துச்சே! பதினெட்டு வருஷம் பாத்த படம். இனி எந்தக் காலத்துல வருவேன்? இருபத்துநாலு வருஷம் என்னைப் பாக்காத மனுஷன், பாக்காம இருக்க வேண்டிய ஒரே நாள்ல பாத்துட்டாரே!

இவரு குதிரைக்குப் பக்கத்துல என் காலைப் பிடிச்சுக்கிட்டு நடந்தார். ஒரு கட்டத்துல பனி எங்களை மூடிடுச்சு. குதிரை தெரியல, வழி தெரியல. என் கணுக்காலைச் சுத்தி ஒரு கை மட்டும் இருந்துச்சு. நான் மெதக்குறேன்னு நினைச்சேன். அந்தக் கை விட்டா மேல போயிடுவேன்னு தோணுச்சு. அதுக்கப்புறம் ஞாபகம் இல்ல.

கண்ணு முழிச்சப்ப வெயில்.

ஃபெரிச்சேங்கற ஊராம். வெகு கீழே வந்திருந்தோம். மறுநாள் மத்தியானம். காத்து கெட்டியா, குடிக்கலாம் போல இருந்துச்சு. தலை தெளிஞ்சிருந்துச்சு. பசிச்சுது.

லாக்பா ஒரு கிண்ணம் கஞ்சியோட பக்கத்துல உக்காந்திருந்தா. அவளும் தூங்கலைன்னு கண்ணைப் பாத்தாலே தெரிஞ்சுது. என் விரல்ல கிளிப்பை மாட்டிப் பாத்துட்டு, பெரிசா மூச்சு விட்டா.

கஞ்சியைக் குடிச்சேன். குடிக்கக் குடிக்க எனக்கு ஒண்ணு உறைச்சுது.

"லாக்பா. மூணு நாளா முடியலன்னு சொன்னார்ல? அப்ப, அவருக்குத் தெரியுமா?"

"தெரியுமாமுங்க்கா. நீங்க சூப்பைக் கீழ ஊத்துனது, மாத்திரை முழுங்குனது, எல்லாம். நேத்து வழி பூராச் சொல்லிட்டு வந்தாரு."

"தெரிஞ்சுமா நல்லாருக்கான்னு சொன்னார்?"

"நீங்க அங்க போய் நிக்கோணும்னுங்க. நான் இன்னும் அவரை மன்னிக்கலீங்க, அது வேற."

கிண்ணத்தைக் கீழே வெச்சேன். அந்த மூணு நாள் காலை வேளையும் என் கண்ணு முன்னாடி வந்துச்சு. டீயை ஊதுன வாய். கை சில்லுன்னு இருக்கு, அதான். நான் சிரிச்ச சிரிப்பு. ரெண்டு பேரும் எதிரெதிர்ல உக்காந்துக்கிட்டு ஒரே பொய்யைச் சொல்லியிருக்கோம். எனக்கு வெக்கமா இருந்துச்சு. ஆனா கோவமும் தீரல.

"மூணு நாள் எனக்காகப் பொய் சொன்னவர், இன்னும் ஒரே ஒரு நாள் சொல்லியிருக்கக் கூடாதா? நேத்து மட்டும் ஏன் மாத்திச் சொன்னார்? நீயே சொல்லு."

லாக்பா கிண்ணத்தை எடுத்துக்கிட்டு எந்திரிச்சா.

"தினமும் உங்களைப் பத்தி நான் அவரைக் கேட்டேனுங்க. இனி நீங்க கேளுங்க."

கதவைத் தொறந்து வெச்சுட்டுப் போயிட்டா.

வெளியே கல் சுவத்துல சாய்ஞ்சு, மூஞ்சியை வெயிலுக்குக் காட்டிக்கிட்டு இவரு உக்காந்திருந்தார். போய்ப் பக்கத்துல உக்காந்தேன். தூரத்துல ஏதோ ஒரு மலை வெள்ளையா நின்னுச்சு. என்னோடது இல்ல.

"என்னங்க."

"ம்."

"நேத்து ஏன் சொன்னீங்க?"

செருப்பு வாரைக் கழட்டி மாட்டுனார். தொண்டையைச் செருமுனார்.

"காலைல நான் பல் வெளக்கிட்டு வர்றேன். நீ எதிர்ல வந்து நின்ன. ரொம்ப மரியாதையா, 'சார், என் வீட்டுக்காரரை எங்கயாவது பாத்தீங்களா?'ன்னு என்கிட்ட கேட்ட."

நான் அவர் பக்கம் திரும்புனேன்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆளு எப்படி இருப்பாரும்மான்னு கேட்டேன்."

"அதுக்கு?"

"நீ ரொம்ப நேரம் யோசிச்ச, மங்கை."